நடக்காத நேற்றின் தலைப்புச் செய்திகள்

செய்தித்தாளின் பிற பகுதிகளைப் படியாதவரும் தலைப்பைப் படித்துவிடுவர். எழுத்துப் பெரிதாக இருப்பதால் உண்மையும் பெரிதாக இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். அந்நம்பிக்கையைச் சற்றே சீண்டிப் பார்க்கும் நகைச்சுவை எழுத்து வகை ஒன்று மேலைநாடுகளில் வளர்ந்துள்ளது. பழைய செய்தித் தலைப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, 'நிகழ்ச்சி வேறு விதமாக முடிந்திருந்தால் மறுநாள் தாளில் என்ன அச்சாகியிருக்கும்?' என்று கற்பனை செய்து எழுதுவது அது. இதனை 'மாற்று வரலாற்றுத் தலைப்பு' எனலாம். இதன் இயல்பையும் பயனையும் எல்லையையும் ஈண்டுக் காண்போம்.

அங்கதமும் மாற்று வரலாறும்

தொல்காப்பியம் யாப்பின் வகை ஏழனுள் அங்கதத்தையும் ஒன்றாக எண்ணுகிறது. வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். மறைத்துப் பழிப்பது பழிகரப்பு அங்கதம். மாற்று வரலாற்றுத் தலைப்பு இரண்டாம் வகையைச் சாரும். செய்தி கூறுவது போன்ற முகத்துடன் நின்று, உள்ளே சிரிப்பை ஒளித்து வைத்திருப்பது அதன் இயல்பு.

நடந்ததை மாற்றி எண்ணிப் பார்க்கும் வழக்கம் பழமையானது. அலெக்சாந்தர் மேற்கே திரும்பி உரோமை எதிர்த்திருந்தால் வென்றவர் யார் என்று பண்டைய உரோமானிய வரலாற்றாசிரியர் லிவி ஆராய்ந்தார். உரோமே வென்றிருக்கும் என்பது அவர் முடிபு. உரோமானியர் ஒருவர் வேறு முடிபுக்கு வருதல் அரிதன்றோ!

1931இல் ஜே. சி. ஸ்கொயர் தொகுத்து வெளியிட்ட ஆங்கில நூலொன்று இத்துறையில் குறிப்பிடத்தக்கது. அதில் வின்ஸ்டன் சர்ச்சிலும் எழுதினார். ரொனால்டு நாக்ஸ் என்னும் கத்தோலிக்கப் பாதிரியாரும் எழுதினார். 1926 மே மாதம் பிரிட்டனில் ஒன்பது நாள் நடந்து தோல்வியுற்ற பொது வேலைநிறுத்தம் வெற்றி பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது நாக்சின் பொருள். அதனை அவர் 'டைம்ஸ்' நாளிதழின் செய்தி போலவே அமைத்தார். அதற்கு இட்ட தேதி 1930 ஜூன் 31. ஜூனுக்கு முப்பதே நாள் என்று அறிந்தவர்க்கு அத்தேதியே விளையாட்டின் அடையாளம்.

ஒன்றை மட்டும் மாற்றுதல்

இவ்வகை எழுத்துக்கு ஒரு விதி உண்டு. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஏனையவை உள்ளபடியே இருத்தல் வேண்டும். அனைத்தையும் மாற்றினால் அது வெறும் கதையாகிவிடும்.

1903 அக்டோபர் 9ஆம் நாள் 'நியூயார்க் டைம்ஸ்' பறக்கும் பொறிகளை எள்ளி ஒரு தலையங்கம் தீட்டியது. மனிதன் பறக்கப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டுகள் வரை ஆகலாம் என்பது அதன் கணிப்பு. அறுபத்தொன்பதே நாள்களில், டிசம்பர் 17 அன்று, ரைட் சகோதரர்களின் பொறி 12 விநாடியில் 120 அடி பறந்தது. இங்கே நாம் மாற்ற வேண்டியது ஒன்றே: அச்சகோதரர்கள் அத்தலையங்கத்தைப் படித்து நம்பிவிட்டனர் எனக் கொள்வோம். மறுநாள் தலைப்பு, 'பத்து லட்சம் ஆண்டுகள் பொறுத்திருக்க ரைட் சகோதரர்கள் இசைவு. பொறி கொட்டகையில் பூட்டப்பட்டது' என்றாகும். நகைப்பு அறிஞரின் அவசரத்தின் மீது விழுகிறது. முயன்றவரின் பெருமை ஒரு படி உயர்கிறது.

சில வேளைகளில் செய்தித்தாளே அறியாமல் மாற்று வரலாறு எழுதிவிடும். 1948 நவம்பர் 3ஆம் நாளிட்ட 'சிகாகோ டெய்லி டிரிபியூன்', குடியரசுத்தலைவர் தேர்தலில் 'டுயூவி ட்ரூமனைத் தோற்கடித்தார்' என்று முதற்பக்கத்தில் அச்சிட்டது. உண்மையில் ட்ரூமன் 303 தேர்வாளர் வாக்குகளும் டுயூவி 189 வாக்குகளும் பெற்றனர். பிழைக்குக் காரணங்கள் உண்டு. அச்சுக்கோப்போர் வேலைநிறுத்தத்தால் தாளை முன்னதாகவே முடிக்க வேண்டியிருந்தது. கருத்துக்கணிப்புகள் டுயூவி பக்கம் நின்றன. மூத்த செய்தியாளரின் ஊகத்தை எவரும் ஐயுறவில்லை. பின்னர்ச் செயின்ட் லூயிஸ் இரயில் நிலையத்தில் அத்தாளை உயர்த்திப் பிடித்துச் சிரித்தார் ட்ரூமன். அந்நாளிதழ் பிழையை ஏற்க மறுத்திருந்தால், 'எங்கள் செய்தி சரியே. வாக்காளரே தவறிவிட்டனர்' என்று மறுநாள் தலைப்பிட்டிருக்கும்.

நகைப்பின் எல்லை

1912 ஏப்ரல் 16 அன்று இலண்டன் 'டெய்லி மெயில்', டைட்டானிக் மூழ்கியது என்றும் உயிர்ச்சேதம் இல்லை என்றும் தலைப்பிட்டது. மாண்டவரோ ஏறத்தாழ 1,500 பேர். இங்கே நகைக்கலாமா? மாண்டவரை வைத்து நகைப்பது கொடுமை. ஆயினும் அக்காலச் சட்டம் அக்கப்பலுக்கு 16 உயிர்காப்புப் படகுகளே போதும் என்றது. இருந்தவை 20; அவற்றில் 1,178 பேரே ஏறலாம்; கப்பலில் இருந்தோர் 2,200க்கும் மேல். போதிய படகுகள் இருந்து அனைவரும் பிழைத்தனர் எனக் கொண்டால், 'பயணிகள் அனைவரும் நலம். இத்தனை படகுகள் வீண்செலவு எனக் கணக்கர் குறை' என்று எழுதலாம். சிரிப்பு வருமுன் நெஞ்சு சுடுகிறது. அங்கதம் தைக்க வேண்டிய இடம் அதுவே.

விளையாட்டும் பொய்யும்

முன்னர்க் குறித்த நாக்ஸ், 1926 ஜனவரி 16 அன்று பி.பி.சி. வானொலியில் ஒரு கேலி நிகழ்ச்சி நடத்தினார். இலண்டனில் கலகக் கூட்டம் புகுந்தது என்றும், பிக் பென் கோபுரம் தகர்ந்தது என்றும் செய்தி வாசிப்பது போல் பேசினார். இது நகைச்சுவை என முன்னரே அறிவித்திருந்தும், இடையில் கேட்கத் தொடங்கியோர் பலர் மெய்யென்று நம்பி அஞ்சினர். மறுநாள் பனிப்பொழிவால் சில ஊர்களுக்குச் செய்தித்தாள்கள் வந்து சேரவில்லை, அச்சம் மிகுந்தது.

இந்நிகழ்ச்சி நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. நடந்தது இன்னதென்று அறிந்தவர்க்கே மாற்றுத் தலைப்பு நகை தரும். பொய்ச்செய்தியோ அறியாமையால் வாழ்வது. முன்னது தன் முகத்தில் 'ஜூன் 31' என்று எழுதிக்கொள்கிறது. பின்னது அடையாளத்தை மறைத்துக்கொள்கிறது. கைப்பேசியில் கண நேரத்தில் தலைப்புகள் வந்து குவியும் இந்நாளில், ஒரு தெருவையும் மற்றொரு தெருவையும் பகையாக்க ஒரு பொய்த் தலைப்புப் போதும். ஆதலின் இவ்வேறுபாட்டை அறிதல் பொழுதுபோக்கைக் கடந்த தேவையாகிறது.

முடிவுரை

மாணவர்கள் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். நூலகத்திலுள்ள பழைய நாளிதழ்த் தொகுதியில் ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் உண்மையில் நடந்ததைத் தேடிப் படியுங்கள். ஒன்றை மட்டும் மாற்றி மறுநாள் தலைப்பை எழுதுங்கள். 'கற்பனை' என்று மறவாமல் குறியுங்கள். நகைக்க வேண்டி உண்மையைத் தேடியவர், பிறிதொரு நாள் பொய்த் தலைப்பைக் கண்டால் அதனைப் பிறர்க்கு அனுப்புமுன் ஒரு கணம் நிற்பார். அந்த ஒரு கணமே இவ்வெழுத்தின் பயன்.