ஏட்டில் ஏறாத மருத்துவம்

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பிலும் இராஜபாளையத்தை அடுத்த அய்யனார் கோயில் மலையடிவாரத்திலும் வாழும் பளியர்கள், வள்ளிக்கிழங்கு அகழ்ந்தும் தேனெடுத்தும் காட்டையே நம்பி வாழ்ந்த தொல்குடியினராதலால், அவர்களது மூலிகை அறிவு தனித்துறையாக அன்றி, உணவு தேடும் தொழிலோடு சேர்ந்தே வளர்ந்தது.

இம்மலைகளில் படரும் சிறுகுறிஞ்சான் கொடியின் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் இனிப்பே தெரிவதில்லை. இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாவில் இனிப்பை உணரும் பகுதிகளைச் சிறிது நேரம் மறைத்துவிடுவதே இதற்குக் காரணம். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருநீலமாக மாறும். அந்தத் தைலத்தைச் சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படை என்னும் தோல் நோய்க்குப் பூசக் கொடுக்கின்றனர். இலையைப் பறித்தால் மீண்டும் துளிர்க்கும். ஆனால் நன்னாரி, மாகாளிக்கிழங்கு போன்றவற்றை வேரோடு தோண்டினால் செடியே அழியுமாதலால், எதை எப்போது எவ்வளவு எடுப்பது என்பதும் மருத்துவ அறிவின் ஒரு பகுதியே ஆகும்.

சித்த மருத்துவ நூல்களில் உள்ளவற்றுக்குப் பிறர் காப்புரிமை பெறாமல் தடுக்க, 2001இல் தொடங்கப்பட்ட மரபறிவு மின்னணு நூலகம் உதவுகிறது. வாய்மொழியாக வரும் பழங்குடி அறிவுக்கோ அத்தகைய அரண் இல்லை. 1987இல் அகத்தியமலைக் காணிக்காரர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்னும் செடியிலிருந்து திருவனந்தபுரம் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, அதன் வருவாயில் ஒரு பங்கைக் காணிக்காரர் அறக்கட்டளைக்கு அளித்ததே, பயன்பகிர்வுக்கு, அதாவது அறிவை அளித்தவர்க்கு ஆதாயத்தில் பங்கு தருவதற்கு, இந்தியாவின் முன்னோடி எடுத்துக்காட்டாகும்.

1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடு, 2021இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. காப்பகத்தின் கட்டுப்பாடுகள் தேவையானவையே எனினும், காட்டுக்குள் செல்லாத தலைமுறைக்குச் செடியின் பெயர் மட்டுமே மிஞ்சும். சிறுவன மகசூலைச் சேகரிக்கும் உரிமையையும் மரபறிவின் மீதான சமூக உரிமையையும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்கெனவே வழங்கியுள்ளது. ஆகவே, மூலிகைகளைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடாமல், இவ்வுரிமைகளைப் பளியர் குடியிருப்புகளில் முழுமையாக நடைமுறைப்படுத்துவதே இவ்வறிவைக் காக்கும் வழியாகும்.