ஆண் மூளை, பெண் மூளை: சர்க்கரைக் கணக்கு ஏன் மாறுகிறது?
ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963இல், 21 வயதில் கண்டறியப்பட்டது, தசைகளை ஆட்டிவைக்கும் நரம்பணுக்களை அழிக்கும் இயக்க நரம்பணு நோய். மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன் இது ஆண்களையே அதிகம் தாக்குகிறது; பிறகு அந்த இடைவெளி சுருங்குகிறது. பேச்சுக் குழறலோடு தொடங்குவது பெண்களிடம் அதிகம். ஈஸ்ட்ரோஜன் காவல் காக்கிறதா? சந்தேகம் உண்டு, தீர்ப்பு இல்லை.

இந்த ஆண்-பெண் வேறுபாட்டை மூளைக்குள் எப்படிப் பார்ப்பது? பெட் ஸ்கேன்தான். கதிரியக்க ஃபுளூரின் ஒட்டிய குளுக்கோஸை ஊசிவழி ஏற்றுவார்கள். செல்கள் அதை விழுங்கும். ஆனால் முழுதாகச் செரிக்க முடியாமல் அது உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அதிகம் சிக்கிய இடம் படத்தில் பளிச்சிடும். இந்நோயில் கைகால்களை ஆட்டிவைக்கும் மூளைப் புறணி மங்கித் தெரியும். மூளைத்தண்டோ சிலருக்குப் பிரகாசிக்கும். அதைக் கண்டு மகிழ வேண்டாம். நரம்பணுக்களைச் சூழ்ந்த கிளியா செல்கள் கொதித்தெழுந்ததன் அடையாளமாகவே பலர் அதைக் கருதுகிறார்கள்.

சிக்கல் ஒப்பிடுவதில்தான். நோயற்ற ஆண், பெண் மூளைகளே சர்க்கரையை ஒரே மாதிரி செலவிடுவதில்லை. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, வளர்சிதைமாற்றக் கணக்கில் பெண் மூளை சராசரியாக 3.8 ஆண்டுகள் இளமையானது. ஆகவே நோயுற்ற பெண்ணை நோயற்ற பெண்ணோடும், ஆணை ஆணோடும் முதலில் ஒப்பிட வேண்டும். நோய் நாக்கில் தொடங்கியதா, காலில் தொடங்கியதா என்பதையும் கழித்துப் பார்த்த பிறகு மிஞ்சுவதே பாலின வேறுபாடு.