ரோட்டிலேயே பேசி முடிக்கிற கேஸ்: காலுக்கு விலை யார் போடுறது?

இந்த எபிசோடை தவளக்குப்பம் நான்குமுனை சந்திப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். கடலூர் ரோட்டில் போய்வருகிற எல்லாருக்கும் இந்தக் காட்சி தெரியும். பைக்கில் போன பையனை ஒரு கார் இடிச்சிடுது. கூட்டம் கூடும், யாராவது தண்ணி கொடுப்பாங்க. கார்க்காரர் ஐயாயிரமோ பத்தாயிரமோ எடுத்து நீட்டுவார். "கேஸு, கோர்ட்டுன்னு ஏம்ப்பா அலையணும், பேசி முடிச்சுக்குங்க"ன்னு ஒரு பெரியவர் சொல்லுவார். கால் வீங்கிட்டிருக்கும். எலும்பு முறிஞ்சிருக்கான்னு எக்ஸ்ரே எடுத்துகூடப் பார்த்திருக்க மாட்டாங்க, ஆனா காலுக்கு விலை பேசி முடிஞ்சிருக்கும்.

நல்ல மனசோட சொல்ற தப்பான யோசனைன்னுதான் நான் இதைச் சொல்லுவேன். "பாவம், அவரும் கஷ்டப்படுறவரா இருக்கார், எங்கிருந்து கொடுப்பார்?"னு நினைக்கிறோம். அவர் கொடுக்கவேண்டியதே இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாம இந்தியாவில் வண்டியை ரோட்டில் எடுக்கக்கூடாது. அது இருக்கிறதே இடிபட்டவருக்காகத்தான். பணம் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வரணும்.

சரி, எவ்வளவு வரும்? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 24 வயசு, உணவு டெலிவரி வேலை, மாசம் 15,000 ரூபாய் வருமானம். 40 வயசுக்குள்ள சொந்தமா சம்பாதிக்கிறவருக்கு எதிர்கால வளர்ச்சின்னு 40 சதவீதம் சேர்க்கணும்னு 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆக 21,000. வருஷத்துக்கு 2,52,000. இந்த வயசுக்குப் பெருக்கல் எண் 18. அது 2009-ன் சரளா வர்மா தீர்ப்பில் வந்த அட்டவணை. பெருக்கினா 45,36,000. அவருடைய சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போயிடுச்சுன்னு தீர்ப்பாயம் ஏத்துக்கிட்டா, அந்த ஒரு தலைப்பில் மட்டும் 13,60,800 ரூபாய். மருத்துவச் செலவு, வலி வேதனை, கூட இருந்து பார்த்துக்கிட்டவர் செலவு, வேலைக்குப் போகாத மாசங்களின் சம்பளம் எல்லாம் தனி. ரோட்டில் நீட்டின பத்தாயிரத்தை இப்ப பக்கத்தில் வச்சுப் பாருங்க.

அந்த 30 சதவீதத்தில்தான் உண்மையான சண்டை நடக்கும். டாக்டர் தர்ற சான்றிதழில் இருக்கிற சதவீதம் உடம்பைப் பத்தினது. கோர்ட் பார்க்கிறது தொழிலை. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு இதை ஒரு உதாரணத்தோட விளக்குது. இடது கை போச்சுன்னா உடல் ஊனம் சுமார் 60 சதவீதம்னு எழுதுவாங்க. அவர் டிரைவரோ தச்சரோன்னா வருமான இழப்பு கிட்டத்தட்ட நூறு சதவீதம். அரசு அலுவலக கிளார்க்குன்னா வேலையே போகாம இருக்கலாம். அதனால தினமும் என்ன வேலை செய்றீங்க, இப்ப எது முடியலைங்கிறதைச் சாட்சி சொல்லும்போது விவரமா சொல்லணும். மாடி ஏற முடியலை, கிக்கர் உதைக்க முடியலை, எட்டு மணி நேரம் நிற்க முடியலை. சின்ன விஷயமா தெரியும், ஆனா கணக்கு இதில்தான் மாறுது. சம்பளச் சீட்டு இல்லையேன்னு பயப்பட வேண்டாம். கர்நாடகத்தில் கால் இழந்த ஒரு காய்கறி வியாபாரிக்கு எந்த ஆவணமும் இல்லாமலே மாசம் 6,500 ரூபாய் வருமானம்னு 2014-ல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கிச்சு.

கேஸ் பெரும்பாலும் கெடுவது முதல் நாளில், ஆஸ்பத்திரி வாசலில். எமர்ஜென்சியில் "எப்படி அடிபட்டுது?"ன்னு கேட்டு விபத்துப் பதிவேட்டில் எழுதுவாங்க. ஏ.ஆர். காப்பின்னு வக்கீல்கள் சொல்றது இதைத்தான். போலீஸ் வேண்டாம்னு "வண்டி ஸ்லிப் ஆகி விழுந்துட்டேன்"னு சொன்னீங்கன்னா, பின்னாடி இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுற தாள் அதுதான். என்ன வண்டி இடிச்சுது, எந்த இடம்னு உள்ளதைச் சொல்லுங்க. பேசக்கூடிய நிலையில் நீங்க இல்லைன்னா கூட வந்தவர் சொல்லட்டும். முடிஞ்சா வண்டி நம்பர் தெரியிற மாதிரி ஒரு போட்டோ. அடுத்தது எஃப்.ஐ.ஆர். இடிச்ச வண்டி நிக்காம போயிட்டாலும் எஃப்.ஐ.ஆர். வேணும், அப்படிப்பட்ட கேஸில் பலத்த காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம் தர தனித் திட்டம் இருக்கு. தொகை குறைவுதான், அதை மறைக்கிறதுக்கில்லை. சிகிச்சைக்கு 2025 மே மாசத்திலிருந்து மத்திய அரசுத் திட்டம் ஒண்ணு இருக்கு. அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் ஏழு நாளுக்கு ஒன்றரை லட்சம் வரைக்கும் கையிலிருந்து பணம் கட்ட வேண்டாம்.

புதுச்சேரிக்கு ஃபிரெஞ்சு சட்டம்தானேன்னு கேட்கிறவங்க இன்னும் இருக்காங்க. ஒரு காலத்தில் அப்படித்தான். உன் தப்பால அடுத்தவருக்கு வந்த நஷ்டத்தை நீயே ஈடுகட்டணும்னு 1804-ன் ஃபிரெஞ்சு சிவில் சட்டத்தில் 1382-ஆம் பிரிவே இருந்தது. அழகான பிரிவு. ஆனா இன்னைக்கு இங்க நடக்கிற சாலை விபத்துக்கு 1988-ன் மோட்டார் வாகனச் சட்டம்தான்.

நம்ம ஊரில் இன்னொரு குழப்பம் எல்லை. தவளக்குப்பத்திலிருந்து கடலூருக்கு வேலைக்குப் போறவர் முள்ளோடையைத் தாண்டினதும் தமிழ்நாடு. அங்கே அடிபட்டா கடலூர் கோர்ட்டுக்குத்தான் அலையணுமா? தேவையில்லை. விபத்து நடந்த இடம், நீங்க குடியிருக்கிற இடம், எதிர்த்தரப்பு இருக்கிற இடம், இதில் எந்த ஊர்த் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம்னு 166-ஆம் பிரிவு சொல்லுது. புதுச்சேரியிலேயே போட்டுக்கலாம். ஆனா ஆறு மாசத்துக்குள்ள. 2019 திருத்தம் கொண்டுவந்த இந்தக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கு. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்காங்க, ஆனா அதை நம்பிக் காத்திருக்காதீங்க.

கடைசியா, ஆஸ்பத்திரி வார்டில் வந்து "பைசா வேண்டாம், கிடைக்கிறதில் முப்பது பெர்சென்ட் கொடுங்க"ன்னு சொல்ற ஆட்கள். வழக்கின் முடிவைப் பொறுத்து பங்கு பேசுறது வக்கீல்களுக்கே பார் கவுன்சில் விதிப்படி கூடாது. வெறும் வக்காலத்துத் தாளில் கையெழுத்து போடாதீங்க. வக்கீல் வைக்க வசதி இல்லைன்னா புதுச்சேரி சட்டப் பணிகள் ஆணையத்தில் கேட்டுப் பாருங்க. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமானம் பார்க்காமலே அங்கே இலவச வக்கீல் உண்டு.