அடுத்தவன் காசுல ராஜா!

கேன்டீன் பில்லை யார் தலையிலாவது கட்டிட்டு, ‘இன்னும் நாலு பப்ஸ் சொல்லு மச்சி’னு தாராளம் காட்டுற ஆசாமி உங்க கேங்க்லயும் இருப்பாரே... அவரை வார்றதுக்குனே அயர்லாந்துல ஒரு வார்த்தை இருக்கு. ‘ஃப்ளாஹூலக்’!

அச்சு அசல் ஐரிஷ் மொழி வார்த்தை இது. ‘ஃப்ளா’ என்றால் அரசன், பிரபு. அதிலிருந்து பிறந்ததால், ‘ராஜா மாதிரி அள்ளிக் கொடுக்கிற’ என்று அர்த்தம். அயர்லாந்துக்காரர்கள் ஆங்கிலம் பேச ஆரம்பித்த பிறகும் இதை விடாமல் கூடவே கூட்டிட்டு வந்துட்டாங்க. நிஜ வள்ளலைப் பாராட்டவும் இதே வார்த்தை, ஊரான் பர்ஸில் வள்ளலாகிறவரைக் கலாய்க்கவும் இதே வார்த்தை!

ராஜாவுக்கும் தாராளத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கறீங்களா? அங்கே கஞ்சத்தனம் பதவிக்கே வேட்டு வைக்கும். ஐரிஷ் புராணத்தில் ப்ரெஸ் என்று ஒரு ராஜா. தேடி வந்த கவிஞரை நெருப்புகூட இல்லாத இருட்டு அறையில் தங்க வைத்து, மூணே மூணு காய்ந்த ரொட்டியைக் கொடுத்தார். மறுநாள் காலை கவிஞர் வசைபாட, கடைசியில் ராஜாவின் சிம்மாசனமே காலி!

ஆனா, ராஜாவா இருந்தாத்தான் கொடுக்க முடியுமா என்ன?

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். 1847-ல் அமெரிக்காவிலிருந்து நிவாரணப் பணம் வந்தது. அனுப்பியவர்கள் சாக்டா பழங்குடியினர். 1830-களில் சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டு, வழிநெடுக ஆயிரக்கணக்கானோரைப் பறிகொடுத்தவர்கள். பசி என்றால் என்னவென்று யாரும் அவங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திரட்டிக் கொடுத்தது 170 டாலர்.

அயர்லாந்து அதை மறக்கலை. 2017-ல் கார்க் மாவட்டத்து மிடில்டனில் இதற்காக ஒரு சிற்பத்தை அர்ப்பணித்தார்கள். ஒன்பது பிரமாண்ட எஃகு இறகுகள் சேர்ந்து ஒரு கிண்ணம் போல நிற்கும். 2020-ல் கொரோனா அமெரிக்காவின் நவாஹோ, ஹோப்பி பழங்குடிகளை வாட்டியபோது, அவர்களுக்கான நிதியில் அயர்லாந்துக்காரர்களின் பணம் வந்து குவிந்தது. ‘அன்னிக்கு சாக்டா எங்களுக்குக் கொடுத்தாங்களே’ என்பதுதான் காரணம்.

173 வருஷம் கழித்து, கொடுத்தவங்களுக்குப் பதிலா வேற யாருக்கோ திரும்பிய கைமாத்து. இப்ப சொல்லுங்க பாஸ்... இதுல யாரு ராஜா?