பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

பூவிருந்தவல்லியைக் கடந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது திருமழிசை. ஆழ்வார் ஒருவர் தோன்றிய தலமென வைணவர் போற்றும் இவ்வூரின் பெயர், 2020-ஆம் ஆண்டில் சென்னை மாநகரின் அடுக்களைகள் எங்கும் அடிபட்டது. கொரோனா நோய் பரவியதால் கோயம்பேடு அங்காடி அவ்வாண்டு மே மாதம் மூடப்பட்டு, காய்கறி மொத்த வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் இறுதியில் கோயம்பேட்டில் காய்கறி வணிகம் மீண்டும் தொடங்கும்வரை, மாநகரின் மொத்தக் காய்கறிச் சந்தை இவ்வூரிலேயே நடைபெற்றது.

அந்நாள்களில் நோயோடு பழிச்சொல்லும் பரவிற்று. கோயம்பேட்டில் மூட்டை சுமந்து பிழைத்து ஊர் திரும்பியோரை, நோயைக் கொண்டுவந்தவர்கள் என்று பலரும் ஐயக்கண்ணோடு நோக்கினர். நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்பது அறிவுடைமையே. ஆனால் அக்கேள்வி, 'யார்மீது பழி சுமத்தலாம்?' என்று திரிந்துவிடுமாயின் அது அறமாகாது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை, உணவின் வழியே பரவும் ஒட்டுண்ணி நோய்களின் வரலாறு நமக்கு நன்கு உணர்த்துகின்றது.

பழங்களின்மீது விழுந்த பழி

1996-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,465 பேர் நீங்காத வயிற்றுப்போக்கினால் துன்புற்றனர். சைக்ளோஸ்போரா என்னும் ஒட்டுண்ணியே காரணம் எனக் கண்டார்கள். கலிபோர்னியாவில் விளைந்த ஸ்ட்ராபெர்ரிப் பழங்களே நோயைப் பரப்பின என்ற செய்தி முதலில் எழுந்தது. மக்கள் அப்பழத்தை வாங்க மறுத்தனர். உழவர்கள் பேரிழப்புக்கு ஆளாயினர். பின்னர், நோயுற்றோர் எந்த விருந்தில் எதை உண்டனர் என ஒவ்வொருவராய் விசாரித்தபோது, குவாத்தமாலா நாட்டிலிருந்து வந்த ராஸ்பெர்ரி என்ற வேறொரு பழமே காரணம் என்று புலனாயிற்று. உண்மை வெளிவந்தபோது, குற்றமற்ற உழவரின் விளைச்சல் ஏற்கெனவே வீணாகிவிட்டிருந்தது.

மனிதரின் நினைவை மட்டும் நம்பி இத்தகைய விசாரணை நடத்துவது எளிதன்று. சென்ற வாரம் உண்ட சட்னியில் என்னென்ன சேர்ந்திருந்தன என்று நம்மில் எத்தனை பேரால் சொல்ல இயலும்? சைக்ளோஸ்போராவோ உடலில் புகுந்து ஏறத்தாழ ஒரு வாரம் கழித்தே தன் வேலையைக் காட்டும்.

மரபணு என்னும் பதிவேடு

இக்குறையைப் போக்க இப்போது மரபணு ஆய்வு துணைபுரிகின்றது. நம் பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேடு உண்டல்லவா? ஒருவரின் பெற்றோர் யார், எந்தக் குடும்பத்தினர் என்பதைப் பங்குத்தந்தை அதைப் புரட்டி அறிகின்றார். அதுபோன்றே ஒவ்வோர் ஒட்டுண்ணியும் தன் வம்சாவளியைத் தன் மரபணுவில் சுமந்து நிற்கின்றது. வெவ்வேறு ஊர்களில் நோயுற்ற இருவரின் மலத்தில் கண்ட கிருமிகள் நெருங்கிய உறவின எனில், இருவரும் ஒரே மூலத்திலிருந்து நோய் பெற்றிருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு.

சைக்ளோஸ்போராவைப் பல பாக்டீரியாக்களைப்போல் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுக்க முடியாது. ஆகவே அதன் மரபணுவைப் படிக்கும் முறை தாமதமாகவே வந்தது. 2018-ஆம் ஆண்டு அமெரிக்காவில் காய்கறித் தட்டுகளால் ஒரு நோய்த்திரளும், உணவகங்களில் விற்ற பச்சைக்காய்க் கலவையால் மற்றொன்றும் ஒரே காலத்தில் தோன்றின. அந்நோயாளரிடம் பெற்ற கிருமிகளின் மரபணுவைப் பின்னர் ஒப்பிட்டபோது, விசாரணையில் கண்ட பிரிவுகளும் மரபணு காட்டிய பிரிவுகளும் பெரிதும் ஒத்திருந்தன. எனினும் மரபணு தனித்து நின்று தீர்ப்பளிப்பதில்லை. விசாரணைக்குத் துணைச்சான்றாகவே நிற்கின்றது.

வேலூர் உணர்த்திய உண்மை

கிரிப்டோஸ்போரிடியம் என்பது இதனையொத்த மற்றோர் ஒட்டுண்ணி. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீரில் கலந்து, ஏறத்தாழ 4,03,000 பேரை நோயில் வீழ்த்தியது. கால்நடைகள்மீது ஐயம் எழுந்தது. ஆனால் சில நோயாளரிடமிருந்து பாதுகாத்து வைத்திருந்த மாதிரிகளைப் பின்னாளில் மரபணு வழியே ஆராய்ந்தபோது, அது மனிதரையே பெரிதும் பற்றும் இனமெனத் தெரிந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் இரு இனங்களும் ஒன்றுபோலவே தோன்றும்; மரபணுவே அவற்றை வேறுபடுத்திக் காட்டும்.

நம் தமிழகத்தில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அறிஞர்கள் 1985-ஆம் ஆண்டிலேயே குழந்தைகளிடம் இக்கிருமியைக் கண்டு எழுதினர். பின்னர் ககன்தீப் காங் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும் மரபணு ஆய்வு செய்தபோது, அங்கும் மனித இனக் கிருமியே மிகுதியாகக் காணப்பட்டது. தொழுவத்து மாட்டைக் காட்டிலும், கழுவாத மனிதக் கையே நம் குழந்தைகளுக்குப் பெரும் இடர் என்பது இதனால் விளங்கும்.

வயலோரத்தில் இல்லாத ஒன்று

2013, 2014-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் சைக்ளோஸ்போரா மீண்டும் தலைதூக்கிற்று. கடைச் சிட்டைகளையும் சரக்கு ஏடுகளையும் பின்தொடர்ந்த அதிகாரிகள், மெக்சிகோவின் புவெப்லா மாநிலக் கொத்தமல்லி வயல்களைச் சென்றடைந்தனர். சில வயல்களில் மனித மலம் கிடந்தது. அங்குச் சில பண்ணைகளில் கூலியாள்களுக்குக் கழிப்பறையோ, கைகழுவும் வசதியோ இல்லை. 2015-இல், ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்களில் அம்மாநிலக் கொத்தமல்லியை இறக்குமதி செய்யத் தடை விதிக்கப்பட்டது.

அன்பர்களே, பழி யாரைச் சேரும்? பகலெல்லாம் குனிந்து கொத்தமல்லி அறுத்த ஏழையையா? அவனுக்கு ஒரு கழிப்பறைகூடக் கட்டித்தராமல் அவன் உழைப்பை மட்டும் பெற்றுக்கொண்டவர்களையா? விரல் நீட்டி நோயின் தடத்தைப் பின்பற்றிச் சென்றால், அத்தடம் இறுதியில் நீதியின் வாயிலில்தான் நம்மை நிறுத்துகின்றது. திருமழிசையிலும், கோயம்பேட்டிலும், நம் தெருமுனைச் சந்தையிலும் இரவெல்லாம் மூட்டை சுமப்போருக்குத் தண்ணீரும் சவர்க்காரமும் கழிப்பறையும் உண்டா என்று கேட்பது, நம் உணவைப் பற்றிய கேள்வியே ஆகும்.

இல்லத்தில் நாம் செய்யத்தக்கவை

குளோரின் மருந்து இவ்வொட்டுண்ணிகளை எளிதில் அழிப்பதில்லை; நீரைக் கொதிக்கவைத்தால் அவை மடியும். கொத்தமல்லி, புதினா, கீரை ஆகியவற்றை ஓடும் நீரில் பன்முறை அலசுதல் நன்று. ஆயினும் அலசுவதால் மட்டும் கிருமி முற்றும் நீங்கிவிடாது. சமைத்து உண்பதே முழுப் பாதுகாப்பு. பங்குத் திருவிழா விருந்துகளில் பச்சையாகப் பரிமாறும் பொருள்களில் இக்கவனம் இரட்டிப்பாக வேண்டும். மலங்கழித்த பின்னும், குழந்தையைக் கழுவிய பின்னும், சமைக்கும் முன்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் இன்றியமையாதது. வயிற்றுப்போக்கு ஒரு வாரத்தைக் கடந்து நீடித்தால், மருத்துவரிடம் ஒட்டுண்ணிச் சோதனை பற்றிக் கேளுங்கள். அதுவரை நீரிழப்பு நேராவண்ணம் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து வாருங்கள். குழந்தைகள் சோர்ந்து துவண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம் என்று ஆண்டவரைக் கேட்டனர். அவர் அவன்மீதும் பழி சுமத்தவில்லை. அவன் பெற்றோர்மீதும் சுமத்தவில்லை. அவன் கண்களில் சேறு பூசி, சீலோவாம் குளத்தில் சென்று கழுவுமாறு அனுப்பினார். நோயின் மூலத்தைத் தேடும் நாமும் அவ்வழியே நடப்போமாக.