நுரை இல்லாத நுரையீரல்

1963 ஆகஸ்டு 7-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு, மாதம் நிரம்ப 5½ வாரம் இருக்கையிலேயே ஓர் ஆண் சிசு ஜனித்தது. எடை 2 கிலோவுக்குச் சற்று மேலேயே இருந்தும், பிறந்த சிறிது நேரத்துக்குள் மூச்சுத் திணறல் கண்டு, பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் காற்றழுத்தம் மிகுந்த அறைக்குள் வைத்துப் பிராணவாயு ஊட்டியும், 39 மணி நேரத்துக்கு மேல் அந்த உயிர் தரிக்கவில்லை.

காரணம் நுரையீரலில் இருந்தது. அதிலுள்ள காற்றுப் பைகளின் உட்புறம் ஈரம் பூசியிருக்கிறது. நீரோ தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ளும் சுபாவம் உடையது. மூச்சை விடும்போது பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாதபடி, அந்த ஈரத்தின்மேல் படர்ந்து அதன் இழுப்பைத் தளர்த்தும் கொழுப்புப் பொருளையே சர்ஃபாக்டன்ட் என்கிறார்கள். கர்ப்பத்தின் 24-ஆவது வாரத்தை ஒட்டிச் சுரக்கத் தொடங்கும் இப்பொருள், 35-ஆவது வாரம் வாக்கில்தான் போதிய அளவை எட்டுகிறது. அதற்கு முந்திப் பிறந்த குழந்தை ஒவ்வொரு மூச்சையும் முதல் மூச்சைப்போலவே பிரயாசைப்பட்டு இழுக்கிறது: விலா இடுக்குகள் குழிகின்றன, நாசி விரிகிறது, மூச்சை விடுந்தோறும் ஒரு முனகல் கேட்கிறது. அதை அழுகையென்று எண்ணவேண்டாம். குரல்வளையைக் குறுக்கி, உள்ளே போன காற்று முழுதும் வெளியேறாமல் தடுக்க அச்சிசு கையாளும் உபாயம் அது. 1971-ல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெகரி என்னும் வைத்தியரும் சகாக்களும் அதே தத்துவப்படி இடைவிடாத மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்த, 20 குழந்தைகளில் 16 பிழைத்தன. இன்றைய 'சீபேப்' கருவி அதன் வாரிசுதான்.

இறந்த சிசுக்களின் நுரையீரலில் கண்ணாடி போன்ற சவ்வைக் கண்டு, அதுவே நோயென்று வைத்தியர்கள் நெடுங்காலம் மயங்கியிருந்தார்கள். மேரி எலன் ஏவரி என்ற பெண் டாக்டர் கவனித்ததோ அங்கே இல்லாத ஒன்றை: வேறு காரணங்களால் மாண்ட குழந்தைகளிடம் காணப்பட்ட நுரை, இவற்றிடம் இல்லை; நுரையை நிலைக்கச் செய்யும் சர்ஃபாக்டன்ட் இல்லாததே காரணம். நம் பாஷையில் அவ்வுறுப்பின் பெயரிலேயே நுரை இருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ஜெரி மீட் என்பவருடன் ஏவரி இக்கண்டுபிடிப்பை வெளியிட்டது 1959-ல்; அதாவது கென்னடியின் மகன் பிறப்பதற்கு 4 வருஷம் முன்பு, அதே பாஸ்டனிலிருந்து! காரணம் அச்சேறியிருந்தது, மருந்துதான் இல்லை. அதற்கு 1980 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வருஷம் ஜப்பானிய வைத்தியர் ஃபுஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து தயாரித்த சர்ஃபாக்டன்டை 10 குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்திப் பலன் கண்டார். இப்போது பால்போல் வெளுத்த அத்திரவத்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளங்கைச் சூட்டில் வெதுவெதுப்பாக்கி, சன்னக் குழாய் வழியே சில மில்லி செலுத்துகிறார்கள்.

ஆனால் இதைவிட மலிவான உபாயம் ஒன்றுண்டு. பிரசவ வலி எதனால் தொடங்குகிறதென்று ஆடுகளைக்கொண்டு ஆராய்ந்த நியூசிலாந்து வைத்தியர் லிக்கின்ஸ், ஸ்டீராய்டு பெற்ற குறைமாதக் குட்டி எதிர்பாராமல் மூச்சு விடக் கண்டார். தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியே சிசுவின் நுரையீரலைப் பக்குவப்படுத்துமென்று 1972-ல் ஹோவி என்பவருடன் சேர்ந்து நிரூபித்தார். அந்த ஊசி நன்கு பலிக்கப் பிரசவத்துக்கு முன் ஒரு நாளாவது அவகாசம் வேண்டும். ஆகையால், மாதம் நிரம்பாத கர்ப்பிணிக்கு வலி கண்டால், சூட்டு வலியாக இருக்குமென்று சீரகக் கஷாயம் கொடுத்துப் பொழுது விடியக் காத்திராமல், அப்போதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.