கோட்டைச் சுவர் மால்டினி!

கால்பந்தில் கோல் அடிப்பவரைத்தான் எல்லோரும் கொண்டாடுவார்கள். ஆனால், கோல் விழாமல் தடுத்தே உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் இத்தாலியின் பாவ்லோ மால்டினி!

1968-ல் மிலான் நகரில் பிறந்தார். அப்பா சிசாரே மால்டினி, ஏ.சி. மிலான் அணியின் கேப்டன். 1963-ல் லண்டனில் ஐரோப்பியக் கோப்பையை வென்றவர். அவர் பெயரைக் காப்பாற்றுவது சுலபமா என்ன?

1985-ல், 16 வயதிலேயே அதே அணிக்குத் தடுப்பாட்டக்காரராகக் களம் இறங்கினார் பாவ்லோ. வலது கால் பழக்கம் உள்ள அவருக்கு இடதுபுறக் காவல் கிடைத்தது. சளைக்காமல் இரண்டு கால்களாலும் ஆடப் பழகினார். பந்து எங்கே வரும் என்று முன்பே கணித்து, அங்கே போய் நிற்பார். எதிரணி திணறிப் போகும்!

25 சீசன்கள், 902 போட்டிகள். கடைசி வரை அணி மாறவே இல்லை. 5 முறை ஐரோப்பியக் கோப்பை வென்றார். அதில் 2003-ம் ஆண்டு வெற்றி ரொம்ப விசேஷம். அப்பா வென்று 40 ஆண்டுகள் கழித்து, அதே இங்கிலாந்து மண்ணில், மகனும் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார்!

உலகக் கோப்பை மட்டும் கை நழுவியது. 1994 இறுதிப் போட்டியில், பெனால்டியில் பிரேசிலிடம் தோல்வி. 2002-ல் இத்தாலி அணியிலிருந்து விலகினார். 2006-ல் இத்தாலி கோப்பையை வென்றது!

2009-ல் ஃபுளோரன்ஸ் நகரில் கடைசிப் போட்டி. எழுந்து நின்று கைதட்டியவர்கள் யார் தெரியுமா? எதிரணி ரசிகர்கள்!

அவரது 3-ம் எண் சட்டையை, அவருடைய மகன்களைத் தவிர யாருக்கும் தருவதில்லை என்று மிலான் அணி முடிவு செய்தது. 2020-ல் மகன் டேனியலும் மிலானுக்காகக் களம் இறங்கினார். தாத்தா, அப்பா, பேரன்... மூன்று தலைமுறைக்கும் ஒரே அணி!